இறைச்சி வாணிகமும் அரசியல் தூதும்

நாடுகளுக்கிடையே பிணக்கு நேர்வதற்கு மண்ணாசையும் பொன்னாசையுமே காரணம் என வரலாற்று நூல் பயிலும் மாணாக்கர் பலரும் எண்ணுவர். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியிறைச்சியின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளும் ஐரோப்பிய வல்லரசுகள் சிலவும் பன்னிரண்டாண்டுக் காலம் தம்முள் மாறுபட்டு நின்றன என்றால் கேட்போர் வியப்பெய்துவர். 1879-ஆம் ஆண்டு தொடங்கி 1891-ஆம் ஆண்டுவரை நிகழ்ந்த இப்பிணக்கினை வரலாற்றாசிரியர்கள் ‘பன்றியிறைச்சிப் போர்’ என்றே வழங்குகின்றனர். இப்போரில் வாளும் பீரங்கியும் பயன்படவில்லை. தூதர் எழுதிய முடங்கல்களும், சட்டசபைத் தீர்மானங்களும், பூதக்கண்ணாடியுமே படைக்கலங்களாயின. நோய்க்கு அஞ்சி ஒரு நாடு பிறிதொரு நாட்டின் உணவுப் பொருளுக்குக் கதவடைத்துவிடின், அக்கதவைத் திறப்பிக்க எம்முயற்சி பயன்படும், எது பயன்படாது என்பதை இவ்வரலாற்றைக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், அச்சத்திற்குக் காரணமாய் நின்ற நோயினை அறிதல் வேண்டும். டிரிக்கினா என்பது மிக நுண்ணியதொரு புழு. அது பன்றி முதலிய விலங்குகளின் தசையினுள் சிறு கூடு அமைத்துக்கொண்டு சுருண்டு கிடக்கும். அத்தசையை மனிதன் நன்கு வேகவையாது உண்டானாயின், இரைப்பையிற் கூடு கரையப் புழுக்கள் வெளிப்பட்டுக் குடலிற் சென்று வளரும். பெண் புழுக்கள் ஈன்ற குஞ்சுகள் குருதியோடு கலந்து உடலெங்கும் பரவி, உண்டவனுடைய தசைகளிலேயே குடிபுகும். அப்பொழுது காய்ச்சலும், முகமும் இமைகளும் வீங்குதலும், தாங்கொணாத் தசைநோவும் உண்டாகும். புழுக்கள் மிகப் பலவாயின் உயிருக்கே இறுதி நேரும். இதற்கு எளிய தடை ஒன்று உண்டு: உள்ளும் புறமும் ஒத்து வேகும்படி சமைத்தலே அது. வெப்பத்தின்முன் அப்புழு நில்லாது.

இப்புழுவை 1835-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத்து மருத்துவசாலை ஒன்றில் மாணவராயிருந்த ஜேம்ஸ் பாஜெட் என்பவர், பிணம் ஒன்றை அறுத்துப் பயிலுங்கால் தசையிடையே வெண்புள்ளிகளாகக் கண்டார். ரிச்சர்டு ஓவன் என்னும் பேரறிஞர் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். 1846-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோசப் லெய்டி அதனைப் பன்றியிறைச்சியிலும் கண்டார். ஆயினும் அதனால் மனிதனுக்குத் தீங்கு விளையும் என்பதை அதுவரை எவரும் அறிந்திலர். 1860-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சார்ந்த டிரெஸ்டன் நகரில் பணிப்பெண் ஒருத்தி நச்சுக் காய்ச்சல் எனக் கருதப்பட்ட நோயால் இறந்தாள். ஸெங்கர் என்னும் மருத்துவ ஆசிரியர் அவள் உடலை ஆராய்ந்தபொழுது தசையெங்கும் உயிருள்ள புழுக்கள் நிறைந்திருக்கக் கண்டார். அவள் வேலை செய்த வீட்டில் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டிப் பன்றி அடித்தனர் என்பதும், அதன் இறைச்சியில் எஞ்சியதிலும் அப்புழுவே இருந்தது என்பதும் பின்னர்த் தெளிவாயின.

இக்கண்டுபிடிப்பு வெறும் நூலறிவாய் நின்றுவிடவில்லை. 1863-ஆம் ஆண்டில் ஹெட்ஸ்டெட் என்னும் ஜெர்மன் ஊரில் ஏறக்குறைய 160 பேர் இந்நோய்ப்பட, அவருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஈராண்டு கழித்து ஹெடர்ஸ்லேபன் என்னும் சிற்றூரில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற, ஏறத்தாழ நூறு பேர் உயிர் துறந்தனர். ஜெர்மானியருள் பலர் கொத்திய பன்றியிறைச்சியைப் பச்சையாகவே உண்ணும் வழக்கமுடையவர். ஆதலின் பிற நாட்டாரினும் அவர்க்கே இந்நோய் மிகுதியும் வந்துற்றது. விர்ஹோ முதலிய மருத்துவப் பேராசிரியர்கள், அடிபடும் பன்றி ஒவ்வொன்றின் தசையையும் பூதக்கண்ணாடியால் ஆராய்தல் வேண்டுமென வற்புறுத்தினர். பிரஷ்ய அரசாங்கமும் அவ்வாறே விதித்தது. ஊர்தோறும் இறைச்சி பார்ப்போர் அமர்த்தப்பட்டனர். எனவே, ஜெர்மானியர் கொண்ட அச்சம் பொய்யச்சம் என யாரும் இகழ்தற்கில்லை. அது பிணக்குழிகளின் அருகே நின்று கற்ற பாடமாகும்.

இஃது இங்ஙனமாக, அட்லாண்டிக் மாகடலின் மறுகரையில் வேறொரு மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. அமெரிக்க நடுநாட்டுச் சமவெளிகளில் மக்காச்சோளம் அளவின்றி விளைந்தது. அதனைத் தின்று கொழுத்த பன்றிகள் இருப்புப்பாதை வழியே சிக்காகோ நகரை அடைந்தன. அந்நகரில் 1865-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்ட பெருந்தொழுவம் உலகத்துக் கால்நடைச் சந்தைகளுட் பெரியதாய் வளர்ந்தது. உப்பிட்ட இறைச்சியும், புகையூட்டிய தொடையிறைச்சியும், பன்றிக் கொழுப்பும் நீராவிக் கப்பல்களில் ஏறி ஐரோப்பியத் துறைமுகங்களில் வந்து குவிந்தன. அவற்றின் விலை உள்நாட்டு இறைச்சியின் விலையினும் குறைவு. ஆலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் மலிவாக ஊன் பெற்று மகிழ்ந்தனர். பன்றி வளர்க்கும் உழவனும் பண்ணையுடைய பிரபுவும் தம் பொருள் விலைபோகாதெனக் கலங்கினர்.

இந்நிலையில் 1879-ஆம் ஆண்டில் இத்தாலி அமெரிக்கப் பன்றியிறைச்சியைத் தன் நாட்டிற் புகவொட்டாது தடுத்தது. 1880-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெர்மனி கொத்திறைச்சியையும் அதனை அடைத்துச் செய்யும் பண்டங்களையும் விலக்கிற்று. 1881-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரான்சு முழுத் தடை விதித்தது. ஆஸ்திரிய ஹங்கேரியும் அவ்வாண்டிலேயே அதனைப் பின்பற்றியது. 1883-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெர்மனியும் முழுத் தடையை மேற்கொண்டது. பிரிட்டன் மட்டும் இத்தடையிற் சேரவில்லை. அந்நாட்டார் இறைச்சியை நன்றாகச் சமைத்தே உண்பவர். உணவுப் பொருள் எங்கிருந்து வரினும் தடையின்றி ஏற்கும் வாணிகக் கொள்கையும் உடையவர்.

தடைக்குக் காரணம் நோயச்சமோ, உள்நாட்டு உழவர் நலமோ என்பது அக்காலத்திலேயே எழுந்த கேள்வி. இரண்டும் எனக் கூறுதலே உண்மைக்குப் பொருந்தும். ஜெர்மன் அமைச்சர் பிஸ்மார்க் 1879-ஆம் ஆண்டில் தானியத்திற்கும் இரும்பிற்கும் காப்புச் சுங்கவரி விதித்துப் பண்ணையாரையும் ஆலையாரையும் ஒருங்கே தம்பால் ஈர்த்துக்கொண்டவர். அவ்வாறு உழவர் நலம் பேணிய ஆட்சிக்கு, நோயைக் காட்டி விதிக்கும் தடை மிகவும் வாய்ப்பாக அமைந்தது. வரி விதித்தால் ஏழையின் உணவு விலை ஏறிற்று என்னும் பழி நேரும். நோய்த்தடையென்றால் மக்களின் உயிர் காத்த புகழ் கிடைக்கும். உண்மையான அச்சம் ஒன்றும் ஆதாய நோக்கம் ஒன்றும் ஒரே சட்டத்தினுள் இவ்வாறு பின்னிக் கிடந்தமையால், ஒன்றினை மட்டும் மறுத்துரைத்துத் தடையை நீக்குதல் எவர்க்கும் அரிதாயிற்று.

அமெரிக்கர் கூறிய மறுப்புரைகள் வலியற்றவை அல்ல. எம் நாட்டு இறைச்சி பல வாரங்கள் உப்பில் ஊறிக் கடல் கடந்து வருவதால் அதன்கட் புழு உயிரோடிராது என்றனர். ஜெர்மனியில் நிகழ்ந்த நோய்கள் அந்நாட்டுப் பன்றிகளால் விளைந்தனவே என்றனர். எம் நாட்டார் நாள்தோறும் உண்பதனை நுமக்கு விடமென்பது யாங்ஙனம் பொருந்தும் என வினவினர். ஆயினும் ஐரோப்பியர் திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றே இவற்றையெல்லாம் தளரச் செய்தது: “எங்கள் ஊர்ப் பன்றியை நாங்கள் ஆராய்ந்து பார்க்கின்றோம், நுங்கள் பன்றியை ஆராய்ந்தவர் யார்?” இதற்கு விடையில்லை. அமெரிக்க நடுவணரசு அந்நாளில் இறைச்சியைச் சோதிக்கும் எவ்வேற்பாடும் உடையதன்று. வணிகர் சங்கங்கள் கொடுத்த நற்சான்றுகளே காட்டுதற்குக் கிடைத்தன; விற்பவனே தன் சரக்குக்குத் தரும் சான்றினை வாங்குபவன் எங்ஙனம் நம்புவான்?

இனித் தூதர் முயற்சியை நோக்குவோம். திருக்குறளில் ‘தூது’ என்னும் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துரைப்பார் என்றும், பிறர் கூறியதைக் கூறுவார் என்றும் இரு திறத்தினராகப் பகுத்தனர். அக்காலத்து அமெரிக்கத் தூதர்கள் பெரும்பாலும் முதல் திறத்தினராகவே இயங்க நேர்ந்தது. வாஷிங்டனிலிருந்து வரும் கட்டளைகள் சிலவே. எந்த அமைச்சரைக் காண்பது, எந்தச் சொல்லை முற்படச் சொல்வது என்பன அவர்தம் அறிவுக்கே விடப்பட்டன.

பாரிஸ் நகரில் அமெரிக்கத் தூதராயிருந்த லீவை மார்ட்டன் இன்சொல்லும் பொறுமையும் உடையவர். அவர் பிரஞ்சு அமைச்சர்களைப் பலகாலும் கண்டு பேசித் தம் பக்கம் சாயச் செய்தார். அதன் பயனாக 1883-ஆம் ஆண்டு நவம்பரில் தடையை நீக்கும் ஆணை பிறந்தது. ஆனால் பிரஞ்சுச் சட்டசபை உறுப்பினர் வெகுண்டெழுந்தனர். ஆண்டு முடியுமுன்னரே அவ்வாணை நிறுத்திவைக்கப்பட்டது. அமைச்சரின் உள்ளத்தை வென்ற தூதருக்கு, அமைச்சரைத் தாங்கி நின்ற சட்டசபையின் உள்ளத்தை வெல்ல வழியில்லாது போயிற்று. குடியாட்சி நாடுகளில் தூதரின் தொழில் எத்துணைக் கடினமானது என்பதற்கு இஃது ஏற்ற சான்றாகும்.

பெர்லினில் நிகழ்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. அங்கே தூதராயிருந்த ஆரன் சார்ஜெண்ட் என்பவர், இத்தடையின் உட்கருத்து உள்நாட்டு உற்பத்தியாளரைக் காத்தலே எனத் தம் அரசாங்கத்திற்கு எழுதினார். அந்த முடங்கல் அமெரிக்காவில் அச்சேறி வெளிவந்துவிட்டது. ஜெர்மன் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. இதனிடையே, பிஸ்மார்க்கை எதிர்த்து நின்ற லாஸ்கர் என்னும் சட்டசபை உறுப்பினர் 1884-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கில் காலமாக, அமெரிக்கச் சட்டசபையார் இரங்கற்றீர்மானம் ஒன்றை இயற்றி ஜெர்மன் சட்டசபைக்கு விடுத்தனர். பிஸ்மார்க் அதனைச் சேர்ப்பிக்க மறுத்துத் திருப்பியனுப்பினார். இவ்வாறு பகைமை முற்றிய பின் சார்ஜெண்ட் அங்கே பணியாற்றல் இயலாதாயிற்று. அவரை ருஷ்யத் தலைநகருக்கு மாற்ற முன்வந்தனர். அவர் அதனை ஏலாது பதவியைத் துறந்தார். அவர் எழுதியதிற் பொய்யில்லை. ஆயின் தனிமுறையில் எழுதியது ஊரறிய வெளிப்பட்டபின் மெய்யும் வசையாயிற்று.

ஜனாதிபதி ஆர்தர் மற்றொரு வழியை நாடினார். ஜெர்மன் அறிஞர் குழுவொன்று அமெரிக்காவிற்கு வந்து, பன்றிகள் வளர்வது முதல் இறைச்சி பெட்டியில் அடைபடுவது வரை யாவற்றையும் கண்ணாரக் காணுமாறு அழைப்பு விடுத்தார். ஜெர்மனி இணங்கவில்லை. பின்னர் அவர் தம் நாட்டாரையே கொண்ட குழுவை அமைத்து ஆராய்வித்தார். அக்குழுவும் இறைச்சியில் ஐயுறத்தக்க குறை இல்லையெனவே கூறிற்று. வாணிகம் செய்யும் நாடு தானே தனக்கு அளித்துக்கொண்ட அத்தீர்ப்பினைக் கடலுக்கு அப்பால் எவரும் பொருட்படுத்தவில்லை. பழிக்குப் பழியாகப் பிரஞ்சுத் திராட்சை மதுவையும் பிற ஐரோப்பியப் பண்டங்களையும் தடுத்தல் வேண்டும் எனச் சட்டசபையிற் பலர் முழங்கினர். அம்முழக்கமும் அப்பொழுது சட்டமாக முதிரவில்லை. எனினும் 1884-ஆம் ஆண்டில் வேளாண்மைத் துறையின்கீழ்க் கால்நடைத் தொழில் அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டது. டேனியல் சால்மன் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர் அதற்குத் தலைவரானார். அன்று சிறிதாய்த் தோன்றிய இந்நிகழ்ச்சியே பின்னர் வெற்றிக்கு வித்தாயிற்று.

1889-ஆம் ஆண்டில் ஹாரிஸன் ஜனாதிபதியாக, ஜேம்ஸ் பிளேன் அயல்நாட்டு மந்திரியாகவும் ஜெரமையா ரஸ்க் வேளாண்மை மந்திரியாகவும் பொறுப்பேற்றனர். பாரிஸில் வொய்ட்லா ரீட் என்பவரும் பெர்லினில் வில்லியம் வால்டர் பெல்ப்ஸ் என்பவரும் தூதராயினர். ரீட் பத்திரிகாசிரியராயிருந்தவர், பொதுமக்கள் கருத்தின் போக்கினை நன்கு அறிந்தவர். நம் நாட்டிலேயே அரசாங்கப் பரிசோதனை ஒன்று இல்லாதவரை நாம் எத்துணை வாதித்தும் பயனில்லை என்பதை அவர் தம் அரசாங்கத்திற்கு இடைவிடாது எடுத்துரைத்தார். அயல்நாட்டாரைத் திருத்த அனுப்பப்பட்ட தூதர் தம் நாட்டாரையே திருத்த முற்பட்டது இங்கே கருதத்தக்கது.

1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் முதற்சட்டம் நிறைவேறிற்று. அயல்நாடு கேட்பினும், வாங்குவோரோ அனுப்புவோரோ விரும்பினும், ஏற்றுமதிக்குரிய உப்பிறைச்சியை அரசாங்க உத்தியோகஸ்தர் சோதித்து முத்திரையிடலாம் என அது கூறியது. அமெரிக்கப் பொருள்களுக்கு முறையின்றித் தடை விதிக்கும் நாட்டின் சரக்குகளைத் தடுக்கும் அதிகாரமும் ஜனாதிபதிக்கு அதனால் அளிக்கப்பட்டது. ஆனால் பெட்டியில் அடைத்த இறைச்சியை மேலாகப் பார்ப்பதனால் உள்ளிருக்கும் நுண்புழு தென்படுமோ என ஐரோப்பியர் வினவினர். அவ்வினா நேர்மையானதே. ஆகவே 1891-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் இரண்டாம் சட்டம் பிறந்தது. அதன்படி விலங்குகள் அடிபடுவதற்கு முன்னும் பின்னும் சோதிக்கப்படலாயின. ஏற்றுமதியாகும் பன்றியிறைச்சி பூதக்கண்ணாடியாலும் ஆராயப்படலாயிற்று.

அவ்வாராய்ச்சி நடந்த முறை எளியது. அடிபட்ட பன்றியின் தசையில், புழு மிகுதியும் தங்கும் இடங்களிலிருந்து சிறு துண்டுகள் எடுக்கப்படும். அவை எண்ணிட்ட தகரச் சிமிழில் இடப்படும். பன்றியின் உடலுக்கும் அதே எண் கட்டப்படும். ஆராய்ச்சிக் கூடத்தில் அத்துண்டினை மயிரிழை போல நறுக்கிக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கிப் பார்ப்பர். சிக்காகோவில் இப்பணி புரிந்தோர் பெரும்பாலும் பெண்டிரே. வல்லரசுகளின் மந்திரிகள் பன்னிரண்டாண்டுகள் வாதித்தும் தீராத ஐயத்தைத் தீர்க்க, நாள் முழுதும் குனிந்திருந்து கண்ணயராது நோக்கிய அப்பெண்டிரின் உழைப்பும் வேண்டியிருந்தது.

பரிசோதனை தொடங்கியவுடனே கதவு தானாகத் திறந்துவிட்டது எனக் கொள்ளற்க. ஜெர்மனிக்கு மற்றொரு கவலையும் இருந்தது. அது சருக்கரையைப் பற்றியது. ஜெர்மன் உழவர் பீட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த சருக்கரையைப் பெருவாரியாக அமெரிக்காவிற்கு விற்றுவந்தனர். 1890-ஆம் ஆண்டின் மக்கின்லி சுங்கச் சட்டம் சருக்கரைமீதிருந்த வரியை நீக்கியது; ஆனால் அமெரிக்க விளைபொருளுக்கு நீதியற்ற தடையோ வரியோ விதிக்கும் நாட்டின் சருக்கரைக்கு மட்டும் மீண்டும் வரி விதிக்க ஜனாதிபதிக்கு உரிமை தந்தது. பன்றியை மறுத்தாற் சருக்கரைச் சந்தை போகும் என்பது இப்பொழுது பெர்லினில் விளங்கிற்று. பிஸ்மார்க்கும் 1890-ஆம் ஆண்டிலேயே பதவி நீங்கிவிட்டார். அவர்க்குப் பின் வந்த காப்ரிவி வாணிக உடன்படிக்கைகளை விரும்புபவர்.

இறுதியில் 1891-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து ஊற்றுநீர்க்குப் பெயர்பெற்ற ஸாரடோகா என்னும் ஊரில், அமெரிக்கரின் சார்பில் ஜான் பாஸ்டரும் ஜெர்மானியரின் சார்பில் மும் என்பவரும் உடன்பாடு செய்துகொண்டனர். சோதித்து முத்திரையிட்ட பன்றியிறைச்சியை ஜெர்மனி ஏற்கும். ஜெர்மன் சருக்கரைக்கு அமெரிக்கா வரி விதியாது என்பது அதன் சாரம். செப்டம்பர்த் தொடக்கத்தில் ஜெர்மன் தடை நீங்கியது. டென்மார்க்கும் இத்தாலியும் அடுத்தடுத்துத் திறந்தன. ஆண்டு முடியுமுன் ஆஸ்திரியாவும் பிரான்சும் இசைந்தன. எனினும் பிரான்சு நோய்த்தடையை நீக்கியவுடன் அதன் இடத்தில் உயர்ந்த சுங்கவரியை நாட்டியது. நோயச்சத்தோடு பின்னிக் கிடந்த ஆதாய நோக்கம் அப்பொழுது தன் உருவோடு வெளிப்பட்டது.

பூசல் அதனோடு முற்றும் ஒழிந்ததா? ஒழியவில்லை. 1894-ஆம் ஆண்டில் கால்நடைக் காய்ச்சலைக் காட்டி ஜெர்மனி அமெரிக்க மாடுகளை விலக்கியது. 1900-ஆம் ஆண்டின் சட்டத்தால் தகரத்தில் அடைத்த இறைச்சியையும் விலக்கியது. இதனிடையே ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியல் அறிஞரை அமெரிக்கா தன் பெர்லின் தூதரகத்திற்கு அறிவியல் துணைவராக அனுப்பியது. அவர் ஜெர்மானியரின் சொந்தக் கணக்குகளையே ஆராய்ந்து, அந்நாட்டில் நோயுற்றோருட் பலர் பூதக்கண்ணாடிச் சோதனையில் நல்லதெனத் தேறிய இறைச்சியை உண்டே நோயுற்றனர் எனக் காட்டினார். நுண்ணிய தசைத்துண்டில் புழு அகப்படாமற் போதலும் உண்டன்றோ? அந்தச் சோதனையை நம்பிச் சமைக்காது உண்போர்க்கு அதுவே கேடாயிற்று. அமெரிக்காவும் 1906-ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சியைக் கைவிட்டது. நன்கு வேகவைத்தலே சிறந்த காப்பென்று மக்களுக்குக் கற்பித்தது.

இங்கே சிந்தித்தற்குரிய ஒன்று உண்டு. 1891-ஆம் ஆண்டிற்குப் பின் அமெரிக்காவில் பூதக்கண்ணாடியால் ஆராயப்பட்டது, அதனைக் கேட்ட அயல்நாடுகளுக்குச் செல்லும் பன்றியிறைச்சியே. சிக்காகோத் தொழுவத்திற்கு அருகே குடியிருந்த ஏழைத் தொழிலாளி உண்டதற்கு அத்தகைய ஆராய்ச்சி இல்லை. பெர்லினில் வாழ்பவன் தன் அரசாங்கத்தின் வாயிலாகக் கேட்டான், அவனுக்குக் கிடைத்தது. சிக்காகோவில் வாழ்பவனுக்காகக் கேட்கத் தூதர் இலர். அப்டன் சிங்கிளேர் என்பவர் அந்நகரத்து இறைச்சிச்சாலைகளின் இழிநிலையை ஒரு புதினத்தில் வரைந்து காட்டி நாட்டாரைத் திடுக்கிடச் செய்த பின்னரே, 1906-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மாநிலங்களுக்கிடையே விற்கும் இறைச்சி முழுவதற்கும் தூய்மையும் சோதனையும் விதிக்கும் சட்டம் வந்தது. அயலார் பணத்திற்காகச் செய்த நன்மை தம்மவர் உடலை அடையப் பதினைந்தாண்டுகள் சென்றன.

அதன்பின் உலகம் இத்தகைய வழக்குகளுக்குப் பொதுவான மன்றங்களைத் தேடலாயிற்று. 1920-ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற திமில் மாடுகள் பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கியபொழுது, அவற்றின் வழியாகப் பெருங்கொள்ளை நோய் அந்நாட்டுக் கால்நடைகளைப் பற்றியது. அதன் விளைவாக 1924-ஆம் ஆண்டில் 28 நாடுகள் ஒன்றுகூடிப் பாரிஸில் விலங்கு நோய்க்கான அனைத்துலக அலுவலகத்தை நிறுவின. தன் நாட்டு நோயை மறையாது பிறர்க்கு அறிவித்தல் அதன் அடிப்படை நெறி. 1995-ஆம் ஆண்டில் உலக வாணிக அமைப்பு தோன்றியபொழுது, உணவுத் தடைகள் பற்றிய உடன்படிக்கையும் நடைமுறைக்கு வந்தது. தன் மக்களின் உயிரைக் காக்கும் அளவினை ஒவ்வொரு நாடும் தானே வரையறுக்கலாம். ஆனால் விதிக்கும் தடை அறிவியல் ஆராய்ச்சியைப் பற்றுக்கோடாகக் கொள்ளல் வேண்டும். தேவைக்கு மேற்படலாகாது என்பது அதன் கருத்து.

இந்நெறிகள் இருந்தும் பழைய வரலாறு நம் காலத்திற் புதுவேடம் பூண்டு வந்தது. 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் பித்தப் பசு நோய் முதன்முதற் காணப்பட்டவுடன் ஜப்பானும் கொரியாவும் அமெரிக்க மாட்டிறைச்சியைத் தடுத்தன. தன் நாட்டு மாடுகள் ஒவ்வொன்றையும் சோதித்துவந்த ஜப்பான் அத்தகைய சோதனையையே அமெரிக்காவிடமும் எதிர்பார்த்தது. கான்ஸாஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்று தன் மாடுகள் அனைத்தையும் தன் செலவிலேயே சோதிக்க முன்வந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை இசைவு தர மறுத்தது. இளமாடுகளில் அச்சோதனை நோயைக் காட்டாது என்பது துறையின் வாதம். அறிவியல் நோக்கில் அது வலிய வாதமே. ஆயினும் வாங்குவோன் மனத்தில் எழும் ஐயத்தை அது தீர்க்கவில்லை. 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான் இளமாட்டிறைச்சிக்கு மட்டும் வழிவிட்டது. அடுத்த திங்களிலேயே, விலக்கப்பட்ட முதுகெலும்பு ஒரு பொதியிற் காணப்பட, மீண்டும் அடைத்தது. ஆறு திங்கள் கழித்தே திறந்தது. வயது வரம்பு முற்றும் நீங்கியது 2019-ஆம் ஆண்டிலேதான். கொரியாவில் 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கம் செய்துகொண்ட உடன்பாட்டினை எதிர்த்து மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தித் தெருக்களில் திரண்டனர். ஜனாதிபதி பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார். முப்பது திங்களுக்கு மேற்பட்ட மாட்டிறைச்சி வாராதபடி மீண்டும் பேசவேண்டியதாயிற்று. மார்ட்டன் பாரிஸிற் கண்ட தடை இங்கே சியோல் நகரத் தெருவில் எழுந்தது.

இவற்றால் அறியத்தக்கன சில. தடை விதிக்கும் நாட்டின் அச்சத்தை வெறும் சூழ்ச்சியென இகழ்பவர் வெல்வதில்லை. அவ்வச்சத்தின்பின் மாண்டோர் இருத்தல் கூடும். அதனை முழுதும் தூய்மையானதெனக் கொள்பவரும் ஏமாறுவர். அதன் நிழலில் ஆதாயம் தேடுவோர் இருத்தல் உறுதி. பேரம் பேசும் வலிமையின்றி நற்சான்று மட்டும் கொண்டு செல்லும் தூதர் வாயிலிலேயே நிற்பர். நற்சான்றின்றி மிரட்டலை மட்டும் கொண்டு செல்வோர் பகையோடு மீள்வர். ஸாரடோகாவில் இரண்டும் கூடின. அதனாற் காரியம் முடிந்தது. இவையனைத்தினும் முதன்மையானது ஒன்று உண்டு. தன் மக்களுக்கு எவ்வுணவைத் தூயதாக அளிக்கின்றதோ அவ்வுணவையே அயலார்க்கும் அனுப்பும் நாட்டின் தூதர்க்குப் பேசவேண்டிய சொற்கள் மிகச் சிலவே. உள்நாட்டுத் தொழிலாளியின் கலத்தில் விழும் துண்டுக்கும் கப்பலேறும் துண்டுக்கும் ஒரே முத்திரை இடப்படுமாயின், அம்முத்திரையை நம்புவதற்கு அயலானுக்கு வேறு சான்று எதற்கு?